அறுபது கிராம்

மாலை ஆறரைக்குத்தான்
செம்பனை ஆலையின் எடைமேடையிலிருந்து இறங்கினோம்,
நானும் அமலதாசும்.
லோரி ஏறி நின்றால்
இருபது கிலோ குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது அது.
எத்தனை மாதமாக என்று கேட்டதற்கு
மேனேஜர் தேநீர் வரவழைத்தார்.
கையெல்லாம் கிரீஸ், தலைமுடியில் ஆலைப்புகை.
வேனுக்குள் வெல்வெட் பெட்டியில்
பித்தளைப் படிக்கற்கள் மட்டும்
எங்களைவிடச் சுத்தமாகப் படுத்திருந்தன.

சாப்பாட்டுப் படி ஆளுக்கு நாற்பது வெள்ளி.
பசியாறலுக்கு ஆறு போயிற்று, பகலுக்கு ஒன்பது.
மீதியை மடித்து வைத்திருந்த சட்டைப்பையிடம்
நண்டு கேட்டது நாக்கு.
"ஆத்துமுகத்துக்கு வந்து கோழி தின்னா
கோழிகூட நம்மள மதிக்காது" என்றான் அமலதாஸ்.

ஆற்றோரக் கடையில் வண்ண விளக்குகள்,
கண்ணாடித் தொட்டிகள்,
விலை எழுத வேண்டிய இடத்தில்
'அன்றைய விலை'.
அன்றைய விலை என்னவென்று கேட்டோம்.
கிலோ நூற்றிருபது என்றான் பையன்,
எங்கள் சப்பாத்துகளைப் பார்த்தபடி.
தொட்டிக்குள்ளிருந்த களவா மீன்
கடன் கேட்டு வந்தவர்களைப் பார்க்கும்
வங்கி அதிகாரிபோல வாயைத் திறந்து மூடியது.

அடுத்த கடைக்குச் செவ்வாய் விடுமுறை.
அதற்கடுத்ததில் மீன் என்றால் டின் சார்டின்.
எண்ணெய் நிலையத்தில் மோட்டாருக்கு
இரண்டு வெள்ளிக்கு ஊற்றிக்கொண்டிருந்த பெண்தான் சொன்னாள்:
"பழைய ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால போங்க.
போர்டு இல்ல. ரெண்டு குண்டு நாய் படுத்திருக்கும்.
நாய் இருந்தா கடை இருக்கு."

நாய் இருந்தது.
தகரக் கூரை, நான்கு மேசை,
தூணில் சாக்குக்கட்டியால் எழுதிய எண்: 45.
சிவப்பு ரப்பர் செருப்போடு வந்த சியூ லான்
"என்னா தம்பி, ரெண்டு பேரா?" என்றாள்
அப்படியே தோட்டத்துத் தமிழில்.
கயிறு கட்டிய இரண்டு நண்டுகளைத்
தராசில் போட்டாள்.
தொள்ளாயிரம்.

நான் பார்த்தது அதற்கு முந்தைய கணத்தை.
காலித் தட்டிலேயே முள்
பூஜ்யத்துக்குப் பின்னால் நின்றது.
பசியோடு இருந்தாலும் தொழில் கண் மூடாது.
வேனுக்குப் போய்
ஒரு கிலோக் கல்லை எடுத்து வந்தேன்.
அமலதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்,
'இங்கேயுமா' என்பதுபோல.

வைத்தேன்.
தொள்ளாயிரத்து நாற்பது.

"அக்கா, இது ஒங்களுக்கு நட்டம்.
அறுபது கிராம் கம்மியா காட்டுது."

அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை.
நண்டின் முதுகிலிருந்து
நீர் சொட்டும் கயிற்றை இழுத்துக் காட்டினாள்.
"கயிறு அறுபது.
கயித்த நீ தின்னுவியா?"

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.
பேச வாயும் இல்லை.
இஞ்சியும் பச்சைமிளகாயும் போட்டு அவித்து வந்தது.
ஓட்டை உடைக்கக் கொடுத்தாள்
கதவுத் தாழ்ப்பாள்போல ஓர் இரும்பை.
முழங்கை வரை வழிந்தது.
நண்டு நாற்பதரை, சோறு இரண்டு, ஐஸ் தே ஓ மூன்று.
ஐம்பதை நீட்டியதற்கு
நாலரை திரும்பி வந்தது,
ஈரமாக.

தங்கும் விடுதியில்
அன்றைய அறிக்கையை எழுதினேன்.
எடைமேடை: குறைவு இருபது கிலோ, சரிசெய்யப்பட்டது.
குறைந்த இருபது கிலோவும்
எந்தச் சிறுதோட்டக்காரன் குலையிலிருந்து போனதென்று
கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.
கயிறு என்று எழுதவும் கட்டமில்லை.
முத்திரை ஒட்டாத தராசு ஒன்றைப் பார்த்ததாக
எழுத மட்டும் இருந்தது.
விளக்கை அணைத்தேன்.

மறுநாள் வேறோர் ஆலை.
பெட்டியைத் திறந்ததும்
ஒரு கிலோக் கல்லில் மட்டும்
இஞ்சியும் நண்டும் மணந்தன.
விரல்ரேகை பட்டாலே எடை ஏறும்,
துடை என்றான் அமலதாஸ்.

துடைத்தேன்.
ஏறக்குறைய.